ரேணிகுண்டாவிலிருந்து கடப்பாவுக்கு 128 கிலோமீட்டர்: விமான நேரம் என்பது யாருடைய நேரம்?

ஆந்திர எல்லையில் உள்ள நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்களுக்குக் கடப்பா தூரத்து ஊர் இல்லை. எர்ரகுண்ட்லாவைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளிலும், முத்தனூரு பக்கத்து அனல்மின் நிலையத்திலும் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது ஒருவர் பல குடும்பங்களில் இருப்பார். கல்யாணம், காரியம், நிலப் பத்திரம் என்று போய்வந்துகொண்டே இருக்க வேண்டிய வழி அது. திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில் இருக்கிறது, கடப்பாவிலும் ஒரு விமான நிலையம் இருக்கிறது என்றவுடன் ஒரு கேள்வி இயல்பாகவே வரும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், பறந்தால் எவ்வளவு நேரம்?

செல்பேசியில் தேடினால் நொடியில் விடை வந்துவிடும்: சுமார் 128 கிலோமீட்டர், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். தூரம் சரிதான். நேரமும் பெரிய தவறில்லை. ஆனால் அந்த வழியில் போக நினைக்கிற ஒருவருக்கு இந்த இரண்டு எண்களாலும் கிட்டத்தட்ட ஒரு பயனும் இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால், நம் எல்லைப் பகுதியில் எந்த விமானம் ஓடும், எது ஓடாது, புதிதாக ஒரு விமான நிலையம் கட்டப்போகிறோம் என்று யாராவது சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில் அந்த 128 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இதற்குக் கணினி வேண்டாம், ஒரு துண்டுத் தாள் போதும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஒரு குறிப்புப் புள்ளி உண்டு, பெரும்பாலும் ஓடுபாதையின் நடுப்பக்கமாக. ரேணிகுண்டாவின் புள்ளியிலிருந்து கடப்பாவின் புள்ளி வடக்கே 53 நிமிடம், மேற்கே 46 நிமிடம் தள்ளி இருக்கிறது. இங்கே நிமிடம் என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் நகர்ந்தால் அது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். விமானிகளும் மாலுமிகளும் இன்றும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த வசதிதான் காரணம். ஆக வடக்கே 53 கடல் மைல். கிழக்கு மேற்காகப் போகும்போது, துருவத்தை நோக்கிப் போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்கி வருவதால், கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் அட்சரேகையில் 0.97 ஆல் பெருக்கினால் போதும். 46 நிமிடம் 44.6 கடல் மைல் ஆகிறது. இனி பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 69.3 கடல் மைல். கிலோமீட்டரில் 128.

நீண்ட தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி ஆகாது. சென்னையிலிருந்து லண்டனுக்குப் பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நூற்றுச் சில்லறை கிலோமீட்டருக்குள் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இப்போது அந்த 128-ஐ ரயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து கடப்பா ரயில் நிலையம் தண்டவாளத்தில் சுமார் 125 கிலோமீட்டர். வான்வழித் தூரமும் ரயில் தூரமும் ஏறக்குறைய ஒன்று! இரண்டு விமான நிலையங்களும் ஊரைத் தாண்டி வெளியே இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நிலத்தில் இருக்கிறது. மேற்கே சேஷாசலம், பால்கொண்டா மலைகள், கிழக்கே வெலிகொண்டா மலைத்தொடர். நடுவில் வடமேற்காக நீளும் பள்ளத்தாக்கு வழியாகத்தான் கோடூர், ராஜம்பேட்டை, நந்தலூர் என்று சென்னை–மும்பை ரயில்பாதையும் தேசிய நெடுஞ்சாலை 716-ம் போகின்றன. ஏறத்தாழ வானத்தில் இழுத்த கோட்டின் திசையிலேயே பள்ளத்தாக்கும் நீள்வதால் தரைவழிக்குச் சுற்றே இல்லை. விமானம் எங்கே ஜெயிக்கும் என்றால், தரைவழி வளைந்து சுற்றிப் போகும் இடத்தில். மலையைச் சுற்ற வேண்டும், கடலைச் சுற்ற வேண்டும், காடு குறுக்கே நிற்கிறது என்ற இடத்தில். இந்த வழியில் அந்த ஆதாயத்தை இயற்கை நமக்கு ஏற்கெனவே தரையிலேயே கொடுத்துவிட்டது.

சரி, நேரத்துக்கு வருவோம். சிறு நகரங்களுக்கு இடையே நம் நாட்டில் அதிகம் பறப்பது ஏடிஆர் 72 என்ற இரட்டை விசிறி விமானம். எழுபது முதல் எழுபத்தெட்டு பேர் வரை உட்காரலாம். சமமட்டத்தில் பறக்கும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். 128-ஐ 500 ஆல் வகுத்தால் பதினைந்து நிமிடம் வருகிறதே என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது, ஏனென்றால் இவ்வளவு குறைந்த தூரத்தில் விமானம் அந்த வேகத்தை எட்டி நிலைத்திருக்க நேரமே கிடையாது.

பத்தாயிரம் அடி உயரத்துக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஏறவே ஏழெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் ஏறத்தாழ 25 கடல் மைல் கழிந்துவிடும், அதுவும் மெதுவான வேகத்தில். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு பழைய வாய்பாடு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். பத்தாயிரம் அடிக்கு முப்பது. மொத்தம் 69-ல் 55 போய்விட்டது. மீதி பதினான்கு கடல் மைல்தான் சமமாகப் பறக்கும் பகுதி, அது மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். இருக்கைப் பட்டை விளக்கு அணைந்த சூட்டோடு மறுபடியும் எரியும். ஆகாயத்தில் இருக்கும் நேரம் எப்படிப் பார்த்தாலும் 25 நிமிடத்தை ஒட்டி வரும்.

அது நேராகப் போய் நேராக இறங்கினால். ஓடுபாதை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஓடுபாதையின் இரு முனையிலும் பெரிய எண்கள் எழுதியிருக்கும். அதோடு ஒரு சுழியைச் சேர்த்தால் திசைகாட்டி டிகிரி. ரேணிகுண்டா ஓடுபாதை 08/26, அதாவது கிட்டத்தட்ட கிழக்கு மேற்கு. கடப்பா ஓடுபாதை 11/29, கிழக்கிலிருந்து சற்றே தெற்குச் சாய்ந்து, மேற்கிலிருந்து சற்றே வடக்குச் சாய்ந்து. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ரேணிகுண்டாவிலிருந்து கடப்பாவுக்குத் திசை வடமேற்கு, சுமார் 319 டிகிரி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. விமானம் 26-ல் மேற்கு பார்த்து ஏறி, எதிரே திருமலை மலை வருவதற்குள் வலதுபக்கம் திரும்பினால் பாதை கிடைத்துவிடும். கடப்பாவில் 29-ல் இறங்க வேண்டும், அதுவும் வந்த திசையிலிருந்து 30 டிகிரிதான் விலகல், ஏறத்தாழ நேராக இறங்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். 08-ல் கிழக்கு பார்த்து ஏறி, 120 டிகிரியை ஒட்டித் திரும்ப வேண்டும். கடப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி 11-ல் இறங்க வேண்டும். இந்த இரண்டு திருப்பங்களுக்கும் பத்து நிமிடத்தை ஒட்டிக் கூடுதலாக ஆகலாம். ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் போகும் பயணம் ஐப்பசியில் போவதைவிடச் சீக்கிரம் முடியும் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் எதிர்க்காற்று இரண்டு மூன்று நிமிடத்தைத்தான் தின்னும். திருப்பங்கள் அதைவிட அதிகம் தின்னும்.

டிக்கெட்டில் அச்சடிக்கும் நேரம் இதுவும் இல்லை. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுக்கும் நொடியில் தொடங்கி, சேரும் ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நொடி வரை உள்ள நேரத்தைத்தான் நிறுவனங்கள் பயண நேரமாக எழுதுகின்றன. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். இத்துடன் தாமதத்துக்கென்று கொஞ்சம் தாராளமாகவும் சேர்த்துக்கொள்வார்கள். ரேணிகுண்டா–கடப்பாவுக்கு யாராவது கால அட்டவணை போட்டால் 40 அல்லது 45 நிமிடம் என்று போடுவார்கள் என்பது என் கணிப்பு. சேலத்திலிருந்து பெங்களூரு வான்தூரம் 161 கிலோமீட்டர்தான். அங்கே விமானம் விட்டபோது அட்டவணை நேரம் ஒரு மணியை ஒட்டித்தான் இருந்தது. பெங்களூரு பெரிய நிலையம், வரிசையில் நிற்க வேண்டும்.

நகரியில் தறி வைத்திருக்கும் என் மாமா ஒருமுறை கேட்டார். "ஏம்பா, முக்கால் மணி நேரம்னே வெச்சுக்கோ. ரயில்ல ரெண்டு மணி நேரம் ஆகுது. அப்பவும் லாபம்தானே?"

"மாமா, நீங்க ரேணிகுண்டா ரன்வேயில வீடு கட்டியிருந்தா லாபம்தான்" என்றேன். அவர் விடவில்லை, கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டோம். நகரியிலிருந்து ரேணிகுண்டா விமான நிலையம் சுமார் 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். செக்-இன் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னால் போயாக வேண்டும். பறக்கும் நேரம் முக்கால் மணி. இறங்கி, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, வண்டி பிடித்து கடப்பா ஊருக்குள் போக இன்னொரு முக்கால் மணி. மொத்தம் நான்கு மணி நேரம். அதே நகரியிலிருந்து காரில் நேராகப் போனால் மூன்றரை மணி நேரம். புத்தூரில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் கடப்பா. மாமா தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அப்போ இது பிளேனோட நேரம், நம்ம நேரம் இல்ல" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். விமானப் பயணத்தில் மாறாத ஒரு பகுதி இருக்கிறது: வீட்டிலிருந்து நிலையம் போவது, காத்திருப்பது, இறங்கியபின் ஊருக்குள் போவது. எவ்வளவு குறைந்த தூரம் பறந்தாலும் மூன்று மணி நேரம் இதற்கே போய்விடும். அந்த மூன்று மணி நேரத்தில் நல்ல சாலையில் 180 கிலோமீட்டர் போயிருக்கலாம். ஆகவே தரைவழி சுமாராக இருந்தாலும் 200 கிலோமீட்டருக்குள் விமானம் ஜெயிக்கவே முடியாது. 300-ஐத் தாண்டினால்தான் பேச்சே தொடங்குகிறது. சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம்–சென்னை வான்தூரம் 265 கிலோமீட்டர், சாலையில் 340-ஐ ஒட்டி வரும். காரில் ஆறு மணி நேரம். விமானத்தில் வாசலிலிருந்து வாசலுக்கு நான்கு. 2018 மார்ச்சில் அந்த வழியில் விமானம் தொடங்கியபோது கூட்டம் வந்ததற்கு இதுதான் காரணம்.

கேரள எல்லையிலும் இதே கதைதான். பாலக்காட்டுத் தமிழர்களுக்குக் கோவை ஒரு பக்கம், கொச்சி ஒரு பக்கம். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே வான்தூரம் 120 கிலோமீட்டர். பாலக்காட்டுக் கணவாய் மலையைப் பிளந்து தரைவழியைத் திறந்துவிட்டதால் அங்கேயும் பறப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

இனி பயணியின் பக்கத்தை விட்டு நிறுவனத்தின் பக்கம் நின்று பார்ப்போம். நாமே நேரத்தைப் பொருட்படுத்தாமல் ஏறத் தயார் என்றாலும் அவர்கள் ஏன் விட மாட்டார்கள்?

எரிபொருளில் தொடங்கலாம். விமானம் போகும் தூரத்துக்கு மட்டும் எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்பக் கூடாது. சேரும் ஊரில் இறங்க முடியாமல் போனால் மாற்று நிலையம் ஒன்றுக்குப் போக வேண்டிய எண்ணெய், அதற்கு மேல் இன்னும் அரை மணி நேரம் வட்டமடிக்கத் தேவையான எண்ணெய் கட்டாயம் இருக்க வேண்டும். கடப்பாவுக்கு ரேணிகுண்டாவே மாற்று நிலையம் என்று வைத்தால், போக அரை மணி, திரும்பி வர அரை மணி, அதற்கு மேல் அரை மணி. பயணத்துக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு எண்ணெயைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டும். அந்தச் சுமையும் எண்ணெய் குடிக்கும்.

அடுத்தது தேய்மானம். இயந்திரமும் சக்கரமும் பிரேக்கும் மணிக்கணக்கில் தேய்வதைவிட ஏறி இறங்கும் எண்ணிக்கையில்தான் அதிகம் தேய்கின்றன. 128 கிலோமீட்டருக்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். 417 கிலோமீட்டருக்கும் அதேதான். ஆனால் டிக்கெட் விலையை மூன்றில் ஒரு பங்காக வைத்தால்கூட ஏற ஆள் இருக்காது, ஏனென்றால் பக்கத்திலேயே ரயில் அதில் ஒரு சிறு பங்கு கட்டணத்தில் ஓடுகிறது.

417 என்று சொன்னது ரேணிகுண்டா–ஹைதராபாத் வான்தூரம். கடப்பா–ஹைதராபாத் 304. சிறு விமான நிலையங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை, எல்லாம் பெரிய நிலையத்தோடுதான் பேசும். ஹைதராபாத்தில் இறங்கினால் டெல்லிக்கோ துபாய்க்கோ மாறிப் போகலாம். அப்படி மாறுகிறவர்களும் சேர்ந்தால்தான் எழுபது இருக்கை நிரம்பும். ரேணிகுண்டாவிலிருந்து கடப்பாவுக்குப் பறந்தே தீர வேண்டும் என்று ஒருவர் நின்றால், ஹைதராபாத் போய் மாறித்தான் வர வேண்டும். 128 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு 721 கிலோமீட்டர் பறந்து, நடுவில் மணிக்கணக்கில் காத்திருந்து, அரை நாளுக்கு மேல் செலவழித்துப் போய்ச் சேர வேண்டும்.

பெரிய நிலையத்தோடு இணைத்தும்கூட இந்தச் சேவைகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதற்குக் கடப்பாவின் வரலாறே சாட்சி. நெடுங்காலம் பயணிகள் விமானம் இல்லாமல் கிடந்த நிலையம் 2015 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டது. ஏர் பெகாசஸ் என்ற சிறு நிறுவனம் பெங்களூருவிலிருந்து ஏடிஆர் விமானம் விட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனமே நின்றுபோனது. 2017 ஏப்ரல் 27 அன்று, சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானங்களைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். சிம்லா–டெல்லி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே நாளில் கடப்பா–ஹைதராபாத்தும் தொடங்கியது என்பது நம் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. ட்ரூஜெட் அதை ஓட்டியது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட்டும் பறப்பதை நிறுத்தியது. அடுத்த மாதமே இண்டிகோ வந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் மூன்றாவது நிறுவனம்.

உடான் திட்டம் இதைத் தாங்கிப் பிடிக்கத்தான் வந்தது. சுமார் ஒரு மணி நேரம், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பறக்கும் பயணத்துக்குப் பாதி இருக்கைகளின் விலையை 2,500 ரூபாயை ஒட்டி வரம்பு கட்டினார்கள். அதனால் வரும் நஷ்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். அந்தப் பணம் பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும் விமானங்கள் மீது போட்ட ஒரு தீர்வையிலிருந்து வருகிறது. சென்னை–டெல்லி விமானத்தில் போகிறவர் கடப்பா விமானத்துக்கும் கொஞ்சம் கொடுக்கிறார் என்று பொருள். இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் மூன்று ஆண்டு முடிந்ததும் பல வழித்தடங்களில் விமானம் நின்றுவிட்டது. தூரம் சரியாக இருந்து, மாறிப் போகிறவர்களும் இருந்தால்தான் நான்காவது ஆண்டு விமானம் ஓடும்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் எண்ணெய் வரி. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் வாட் வரியைப் போடுகிறது. தமிழ்நாட்டில் அது நெடுங்காலமாக 29 சதவீதம். ஆந்திராவில் 1 சதவீதம். ரேணிகுண்டாவும் சென்னையும் வானத்தில் 98 கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கின்றன. நடுவில் ஒரு கோடு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தபோது வரைந்த கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எண்ணெய் நிரப்பினால் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. எண்ணெய்ச் செலவு நிறுவனங்களின் செலவில் பெரும்பங்கு என்பதால், ரேணிகுண்டா போன்ற நிலையத்துக்கு இது உண்மையான பலம். உடான் வழித்தடங்களில் தமிழ்நாடும் வரியைக் குறைத்தது, ஆனால் அது அந்த வழித்தடங்களுக்கு மட்டும்.

அப்படியானால் நகரிக்காரருக்கும் புத்தூர்க்காரருக்கும் ரேணிகுண்டா எதற்குப் பயன்படும்? கடப்பா போக அல்ல. ஹைதராபாத் போக. நகரியிலிருந்து மீனம்பாக்கம் நூறு கிலோமீட்டருக்கு மேல். திருவள்ளூர் தாண்டியதிலிருந்து நெரிசல், மூன்று மணி நேரம் ஒதுக்காமல் கிளம்ப முடியாது. ரேணிகுண்டா ஒரு மணி நேரம். பறக்கும் தூரமும் குறைவு: சென்னையிலிருந்து ஹைதராபாத் 506 கிலோமீட்டர், ரேணிகுண்டாவிலிருந்து 417. ஆனால் சென்னையிலிருந்து நாளெல்லாம் விமானம் உண்டு. ரேணிகுண்டாவில் நமக்கு வேண்டிய வேளையில் ஒன்று இருக்கிறதா, சாயங்காலம் திரும்பி வர ஒன்று இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். கூடவே, நெடுஞ்சாலையில் போகும் பஸ் நம்மை ரேணிகுண்டாவில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து ஸ்ரீகாளஹஸ்தி சாலைப் பக்கம் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். ஓடுபாதையை 3,810 மீட்டராக நீட்டும் வேலையைச் செய்த நிலையத்துக்கு, புத்தூர்ப் பக்கத்திலிருந்து விமான நேரம் பார்த்து நாலு பஸ் நேராக விட்டால் நம் கணக்கில் அரை மணி நேரம் குறையும். ஓடுபாதை நீண்டதால் பெரிய விமானம் வரலாம், நம் வீட்டிலிருந்து நிலையத்துக்கான நேரம் அதனால் ஒரு நிமிடமும் குறையவில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் செலவு குறைந்த தீர்வு இதுதான்.

வான்தூரம் உண்மையிலேயே கறாராகப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அது ஒப்பந்தங்களில். பெங்களூரு விமான நிலையம் 2008-ல் திறந்தபோது ஒரு நிபந்தனை இருந்தது: இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டர் வான்தூரத்துக்குள் இன்னொரு சர்வதேச விமான நிலையம் உருவாகக் கூடாது. மைசூருவுக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. இங்கே சாலை எவ்வளவு, ரயில் எவ்வளவு என்பதெல்லாம் செல்லாது, மேலே நாம் தாளில் போட்ட அதே நேர்கோடுதான் செல்லும். 161 கிலோமீட்டரில் இருக்கும் சேலம் வட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்த ஓசூர் விமான நிலையம் முழுக்க வட்டத்துக்குள். அதனால்தான் ஓசூர் என்றதும் நில எடுப்புக்கு முன்பே இந்த நிபந்தனை பற்றிய பேச்சு எழுகிறது.

குப்பமும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. பெங்களூரு நிலையத்திலிருந்து சுமார் 84 கிலோமீட்டர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் அந்த ஊரில் விமான நிலையம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சர்வதேச நிலையம் அங்கே யாரும் கேட்கவில்லை, உள்நாட்டுச் சிறு நிலையம்தான். அது வந்தால் எந்த ஊருக்கு விமானம் விடுவார்கள் என்பதை இப்போதே கணக்கிடலாம். குப்பம்–திருப்பதி வான்தூரம் 163 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. மாவட்டத்துப் பழக்கவழக்கமெல்லாம் அந்தப் பக்கம் என்றாலும் அது ஓடாது, மேலே சொன்ன அதே காரணங்களுக்காக. சென்னைக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஆனால் குப்பத்திலிருந்து விஜயவாடா 495 கிலோமீட்டர். தலைநகர் வேலையாகப் போகிறவர்கள் இன்று ஒரு முழு இரவை ரயிலிலோ பஸ்ஸிலோ கழிக்கிறார்கள். ஏடிஆரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் பிளாக் டைம், மாறாத மூன்று மணி நேரத்தைச் சேர்த்தாலும் நாலரை. காலையில் போய் வேலையை முடித்து இரவு வீடு திரும்பலாம். குப்பத்துக்காரர்கள் விமானம் கேட்பதென்றால் இந்த வழித்தடத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நேரத்தையும் சேர்த்து.